பின்கதவில் பூனைக்கு ஒரு வழி: வாங்குவது முதல் பழக்குவது வரை

பூனைக்காகப் பின்கதவைப் பகல் முழுக்கத் திறந்தே வைத்திருந்த வீடு எங்களுடையது. கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையை ஒட்டி இருக்கிறோம். பின்னால் மாந்தோப்பு. செவலை என்று ஒரு கடுவன், மணி என்று ஒரு பெட்டை, இரண்டும் நாட்டுப் பூனைகள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை உள்ளே வெளியே போய்வரும். ஒவ்வொரு தடவையும் யார் எழுந்து திறப்பது? அதனால் கதவு திறந்தே கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் நல்ல நீளமான சாரைப்பாம்பு ஒன்று அடுப்படி வரை வந்துவிட்டது. சாரைக்கு விஷமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாரை வந்த வழியில் கட்டுவிரியனும் வரலாம் என்று அன்று இரவு யாருக்கும் தூக்கமில்லை.

பெரிய கதவைச் சாத்தி வைக்கத்தான் நாங்கள் பூனைக் கதவு மாட்டினோம். மாட்டியதில் இரண்டு தப்பு செய்தோம், ஒன்று பூட்டில், இன்னொன்று அளவில். புதிதாக மாட்டப் போகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பொருளைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஒரு சட்டம், அதன் மேல்விளிம்பிலிருந்து தொங்கும் ஒரு மடல், அவ்வளவுதான் பூனைக் கதவு. மடல் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருக்கும். பூனை தலையால் முட்டித் தள்ளும், மடல் திறக்கும், பூனை போனதும் தானே கீழே விழுந்து மூடிக்கொள்ளும். காற்றில் ஆடாமல் இருக்க மடலின் கீழ்விளிம்பில் சின்னக் காந்தம் இருக்கும். ஆன்லைனில் கேட் ஃப்ளாப், கேட் டோர், பெட் டோர் என்று தேடினால் கிடைக்கும். ஆனால் ஆசாரியிடம் போனில் பேசும்போது 'கேட் டோர்' என்று சொன்னால் அவர் காம்பவுண்டு கேட் என்றுதான் எடுத்துக்கொள்வார். பூனைக்குக் கதவு என்றே சொல்லுங்கள்.

எது உள்ளே வரக்கூடாது?

எங்கள் ஆசாரி சாமான்களைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்: "பூனை போறதுக்கு ஓட்டை போட்டா, பாம்பு வராதுங்களாம்மா?"

கடையில் வாங்குவதற்கு முன்பே நான் யோசித்திருக்க வேண்டிய கேள்வி அது. குளிர் நாடுகளில் பூனைக் கதவு வாங்குகிறவர்கள் குளிர்காற்று உள்ளே வராமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதற்காகவே மடலைச் சுற்றிப் பிரஷ் மாதிரி ஓரம் வைத்திருப்பார்கள். நம் பக்கத்தில் யோசிக்க வேண்டியது வேறு. உங்கள் வீட்டைச் சுற்றி என்னென்ன நடமாடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எந்த மாதிரிப் பூட்டு என்று முடிவு செய்ய முடியும்.

பாம்பை முதலில் எடுத்துக்கொள்வோம். மூடிய மடல் பாம்புக்கு நேரான வழி இல்லை. ஆனாலும் மடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கத்தான் செய்யும், இல்லையென்றால் மடல் ஆடாது. மெல்லிய பாம்புக்கும் சுண்டெலிக்கும் ஒரு பென்சில் நுழையும் சந்து போதும் என்பதை மனதில் வையுங்கள். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு, வீட்டுக்குள்ளும் வரும். ஆகவே இரவில் பூட்டி வைக்க முடியாத பூனைக் கதவை நம் ஊரில் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூனைக் கதவைப் பற்றிப் பயப்படுகிற பல வீடுகளில் பின்கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் சந்து இருக்கும், குளியலறைத் தண்ணீர் போகும் குழாய்க்கு வலை இருக்காது. அவற்றை முதலில் அடையுங்கள். கதவடியில் திருகும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கிறது.

பாம்பு தானாக வருவதைவிட, பூனை கவ்விக்கொண்டு வருவது அதிகம் நடக்கக்கூடியது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கதவைத் திறந்துவிடும்போது வாயில் என்ன இருக்கிறது என்று நாம் பார்த்துவிடுவோம். பூனைக் கதவுக்கு அந்தக் கண் கிடையாது. பாதி உயிரோடு எலி, ஓணான், பாம்புக்குட்டி என்று கட்டிலடி வரை கொண்டுவரும். பூனைகள் அதிகம் வேட்டையாடுவது பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும். அந்த இரண்டு நேரமும் பூனை வீட்டுக்குள் இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தது ஊர்க் கடுவன். அனுபவத்தில் மிகப் பெரிய தொல்லை இதுதான். உங்கள் பூனை போய்வருவதைப் பார்த்தே கற்றுக்கொண்டு உள்ளே வரும், சோற்றைத் தின்னும், சுவரிலும் அரிசி மூட்டையிலும் மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போகும். அதன் பிறகு உங்கள் பூனைக்கு வீட்டுக்குள்ளேயே பயம் வந்துவிடும். ராகி, நிலக்கடலை மூட்டை அடுக்குகிற வீடுகளில் பெருச்சாளியையும் கணக்கில் வையுங்கள். பெருத்த பெருச்சாளி மெல்லிய மடலைத் தள்ளிவிடும், பிளாஸ்டிக் ஓரத்தைக் கரம்பிவிடும்.

குரங்கு வரும் தெருக்கள் உண்டு. மலையடிவாரத்திலும் ஒகேனக்கல் பக்கமும் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குரங்குக்கு மடல் ஒரு பொருட்டே இல்லை, கையால் தூக்கிவிடும். பெரிய குரங்கு நுழைய முடியாவிட்டாலும் கையை விட்டு எட்டியதை எடுக்கும், குட்டி உள்ளேயே வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சாதாரண மடல் வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அந்தக் காடுகளில்தான் இருக்கிறது, அங்கே சிறுத்தை உண்டு. இருட்டிய பிறகு பூனை வெளியே இருக்கவே கூடாது.

பூட்டு

சாதாரணக் கைப்பூட்டு வகையில் இரண்டு உண்டு. ஒன்றில் ஒரு தகடு மட்டும் இருக்கும். அதைச் செருகினால் மூடல், எடுத்தால் திறப்பு. இன்னொன்றில் நான்கு நிலை இருக்கும்: இரண்டு பக்கமும் திறப்பு, உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், முழுப் பூட்டு. நாங்கள் முதலில் வாங்கியது தகடு வகை. விலை குறைவு என்று வாங்கிவிட்டோம். ஒரு நாள் இரவு எட்டு மணிக்குத் தகட்டைச் செருகியபோது செவலை வெளியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. காலையில் காது கிழிந்து வந்தது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த வாரமே நான்கு நிலை வகைக்கு மாற்றினோம்.

நான்கு நிலையில் மிகவும் உதவுவது 'உள்ளே வர மட்டும்'. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த நிலைக்குத் திருப்பிவிடுவோம். வெளியே இருக்கிற பூனை எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்தது மறுபடி போக முடியாது. விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டைத் தட்டிச் சோறு வைப்போம், இரண்டும் வந்துவிடும். எண்ணிப் பார்த்துவிட்டு முழுப் பூட்டு. காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் திறப்பு. ஒரு எச்சரிக்கை: 'உள்ளே வர மட்டும்' நிலையில் கெட்டிக்காரப் பூனைகள் மடலை நகத்தால் தம் பக்கம் இழுத்துத் திறந்துகொண்டு போய்விடும். எங்கள் மணி இரண்டே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டது. ஆகவே அந்த நிலையை இடைப்பட்ட நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரவு முழுக்க நம்பாதீர்கள்.

ஊர்க் கடுவன் தொல்லை கடுமையாக இருந்தால் உங்கள் பூனைக்கு மட்டும் திறக்கும் கதவு வேண்டும். அதில் காந்த வகை பழையது. பூனையின் கழுத்துப் பட்டையில் ஒரு காந்தம் தொங்கும், அது அருகில் வந்தால் தாழ்ப்பாள் விலகும். விலை பரவாயில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பூனையும் காந்தம் கட்டியிருந்தால் அதற்கும் திறக்கும், ஆணி, இரும்புத்தூள் எல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும். மரம் ஏறும் நாட்டுப் பூனைக்குக் கழுத்துப் பட்டை கட்டுவதே எனக்குப் பிடிக்காது, கிளையில் மாட்டிக்கொள்ளும். கட்டியே ஆக வேண்டுமென்றால் இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

சிப் வகை புதியது. அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப்பைக் கால்நடை மருத்துவர் ஊசி மூலம் பூனையின் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார். அதில் பேட்டரி கிடையாது, 15 இலக்க எண் மட்டும் இருக்கும். பூனை தலையை நீட்டும்போது கதவு அந்த எண்ணைப் படித்து, தெரிந்த எண்ணாக இருந்தால்தான் திறக்கும். கதவுக்குச் சாதாரண பென்சில் செல் பேட்டரி போதும், ஆகவே கரண்டு போனாலும் வேலை செய்யும். பல மாடல்கள் உள்ளே வரும்போது மட்டுமே எண்ணைப் படிக்கும், வெளியே போக யாரையும் விடும். 'இந்தப் பூனை போகலாம், அந்தக் குட்டி போகக்கூடாது' என்று பிரிக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் படிக்கிற மாடல் கேளுங்கள். விலை சாதாரண வகையைப் போலப் பல மடங்கு. இரும்புக் கதவில் நேரடியாக மாட்டினால் சிப்பைப் படிப்பதில் தடுமாற்றம் வரும் என்பதையும் கவனியுங்கள்.

ஒரே பூனை, வெளிப் பூனைத் தொல்லை இல்லை என்றால் நான்கு நிலைக் கைப்பூட்டே போதும். கடையில் வாங்கும்போது மடலை விரலால் தள்ளிப் பாருங்கள். விரல் நுனியில் தள்ளினால் திறக்க வேண்டும், விட்டதும் நடுவில் வந்து நிற்க வேண்டும். உரசும் சத்தம் கேட்டால் வாங்காதீர்கள்.

எந்தக் கதவு?

தலைவாசலை விட்டுவிடுங்கள். எங்கள் மாமியார் "நிலைவாசல் கதவுல மட்டும் கை வெக்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சாஸ்திரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது சரிதான். தெருவையும் வண்டிகளையும் தெரு நாய்களையும் பார்த்துப் பூனை வெளியே போவது நல்லதில்லை. பின்கதவு அல்லது பக்கவாட்டுக் கதவு, மறைவான பக்கமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கதவில் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை எட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. நம் பின்கதவுகளில் கீழ்த்தாழ்ப்பாள் என்று ஒன்று இருக்குமே, அது பூனைக் கதவுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். கீழ்த்தாழ்ப்பாளை மட்டும் நம்பிப் பூட்டுகிற வழக்கம் இருந்தால் விடுங்கள். மேல்தாழ்ப்பாளும் நடுப்பூட்டும் இருக்க வேண்டும், ஓட்டையிலிருந்து மூன்றடியாவது தள்ளி. பூட்டிலேயே சாவியை விட்டு வைக்காதீர்கள்.

பட்டைச் சட்டமும் நடுவில் பலகையும் உள்ள மரக்கதவு என்றால் பலகையில் மட்டுமே வெட்ட வேண்டும். சுற்றிலும் உள்ள சட்டத்தைத் தொட்டால் கதவின் பலம் போய், கொஞ்ச நாளில் கோணிக்கொள்ளும். ஃப்ளஷ் டோர், அதாவது சட்டம் வெளியே தெரியாத தட்டையான கதவு என்றால் ஓரங்களில் ஒரு சாண் விட்டுவிடுங்கள்.

அளவு

பூனை நேராக நிற்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். ஓட்டையின் அடிவிளிம்பு அந்த உயரத்தில் வர வேண்டும். செவலைக்கு ஐந்தரை அங்குலம், மணிக்கு நாலரை. இரண்டு பூனை இருந்தால் சின்னதன் அளவை எடுங்கள். பெரியது குனிந்து போய்விடும், சின்னதால் எக்கி ஏற முடியாது. வயதான பூனை, கால் நொண்டும் பூனை என்றால் இன்னும் கொஞ்சம் கீழே.

அகலத்துக்குத் தோள்பட்டையின் அகலத்தோடு ஓர் அங்குலம் சேர்த்தால் போதும். நாட்டுப் பூனைக்கு ஆறு அங்குலச் சதுரத் திறப்பு தாராளம். முடி அடர்ந்த பெரிய பெர்ஷியன் பூனை என்றால் ஒரு சுற்றுப் பெரிதாகப் பாருங்கள். தேவைக்கு மேல் பெரிய ஓட்டை நாய்க்குட்டிக்கும் குரங்குக்கும் போடும் அழைப்பு.

எங்கள் இரண்டாவது தப்பு இங்கேதான். வீட்டுக்குள் அளந்தோம், வெளியே அளக்கவில்லை. பின்வாசலில் இரண்டு படி இறங்க வேண்டும். உள்ளே நாலரை அங்குலம் என்பது வெளியே பதினாறு அங்குலத்துக்கு மேல் வந்துவிட்டது. வெளியே குதிப்பதில் சிரமமில்லை. திரும்பி வரும்போது பின்னங்காலில் எழும்பி நின்றுகொண்டே மடலைத் தள்ள வேண்டும். மணி இரண்டு நாள் முயன்றுவிட்டு, ஜன்னலடியில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. கடைசியில் கிரானைட் பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு துண்டுக் கல்லை வாங்கிவந்து, செங்கல் அடுக்கி அதன்மேல் மேடையாக வைத்தோம். கிருஷ்ணகிரியில் கல் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாலிஷ் போட்ட பக்கத்தை மேலே வைக்காதீர்கள், மழையில் வழுக்கும், வெயிலில் பாதம் சுடும். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும், அல்லது ஒரு சாக்கைப் போடுங்கள்.

வாங்குவதற்கு முன் கதவின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஃப்ளஷ் டோர் பொதுவாக 30 முதல் 35 மில்லிமீட்டர் இருக்கும். பழைய மரக்கதவின் நடுப்பலகை அதைவிட மெல்லியது. பெட்டியில் எந்தக் கனம் வரை பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள்.

வெட்டி மாட்டுவது

வேண்டிய சாமான்: துளை மெஷின், 10 அல்லது 12 மில்லிமீட்டர் பிட், ஜிக்சா (கரண்டில் ஓடும் சின்ன வாள்), இன்ச் டேப், ரசமட்டம், பென்சில், காகித டேப், அரம், உப்புத்தாள், திருப்புளி. ஜிக்சா இல்லாவிட்டால் ஆசாரியைக் கூப்பிடுங்கள், அரை நாள் வேலைதான். கைவாளால் அறுத்தால் கோணல் வரும், கதவு ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான்.

பூனைகளை வேறு அறையில் அடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மெஷின் சத்தத்தில் மிரண்டு ஓடினால் அந்தக் கதவைப் பார்த்தாலே பயந்துவிடும்.

கதவைத் திறந்து, அடியில் ஆப்பு வைத்து ஆடாமல் நிறுத்துங்கள். கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்தால் இன்னும் நல்லது. வெட்டப்போகும் இடத்தில் காகித டேப் ஒட்டுங்கள், மேல்பூச்சு சிலும்பு எடுக்காது, பென்சில் கோடும் தெளிவாகத் தெரியும். பெட்டியோடு வரும் அளவுத்தாளை அந்த உயரத்தில் வைத்து, ரசமட்டம் பார்த்து ஒட்டுங்கள். கோடு ஒரு நூல் சாய்ந்தாலும் மடல் ஒரு பக்கம் உரசும், முழுக்க மூடாது. கோடு போட்ட பிறகு பூனையைத் தூக்கிவந்து ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்.

நான்கு மூலையிலும் கோட்டுக்கு உட்புறமாகத் துளை போடுங்கள். பிட் மறுபக்கம் வரும்போது மரம் பிளக்கும், அதனால் பின்னால் ஒரு பழைய பலகையை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும். துளையில் ஜிக்சா பிளேடை விட்டுக் கோட்டை ஒட்டி மெதுவாக அறுங்கள். நான்காவது பக்கம் முடியும் தருவாயில் வெட்டுத்துண்டு தன் எடையில் தொங்கிக் கதவைக் கிழிக்கும், அதையும் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அரம், உப்புத்தாள்.

இப்போது பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் வேலை: வெட்டிய விளிம்பு பூச்சில்லாத வெறும் மரம். அதில் ஈரமும் கரையானும் ஏறும். பிரைமரோ வார்னிஷோ இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஃப்ளஷ் டோரின் உள்ளே சில சமயம் வெற்றிடம் இருக்கும். அப்படியிருந்தால் ஓட்டையைச் சுற்றி ரீப்பர் துண்டுகளை ஃபெவிகால் தடவிச் செருகி நிரப்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்க்ரூ முறுக்கும்போது கதவு அமுங்கும். பசை காய ஓர் இரவு விடுங்கள்.

பிறகு உள்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் பொருத்தி ஸ்க்ரூ போடுங்கள். மெஷினால் முடுக்காதீர்கள், கையால் திருப்புளியில் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து மடல் சிக்கும். மெல்லிய பலகையில் ஸ்க்ரூ நீளமாக இருந்தால் ஹேக்சா பிளேடால் வெட்டி, முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். வெளிப்பக்கம் சட்டத்தின் மேலும் இரண்டு ஓரத்திலும் சிலிக்கான் பூசுங்கள். அடியில் பூசாதீர்கள், உள்ளே போன மழைத்தண்ணீர் வடிய வழி வேண்டும்.

மரக்கதவு இல்லாதவர்களுக்கு

இரும்புத் தகட்டுக் கதவு என்றால் வெல்டிங் பட்டறைக்காரர் கட்டிங் மெஷினில் வெட்டித் தருவார். தகடு மெல்லியது, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ரப்பர் பீடிங் மாட்டி, இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்துத்தான் பூனைக் கதவைத் திருக வேண்டும். பிவிசி கதவில் ஹேக்சா பிளேடே போதும், உள்ளே கூடு என்பதால் ஃப்ளஷ் டோருக்குச் சொன்ன மாதிரி நிரப்ப வேண்டும்.

கண்ணாடிக் கதவில் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். டஃபண்டு என்கிற பலப்படுத்திய கண்ணாடியை ஒரு தடவை தயாரித்த பிறகு யாராலும் வெட்ட முடியாது, வெட்டப் போனால் மொத்தமும் நொறுங்கும். ஓட்டையோடு புதுக் கண்ணாடி சொல்லிச் செய்ய வேண்டும்.

சுவரில் போடலாம், ஆனால் கொத்தனார் வேலை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குச் சட்டத்தோடு சுரங்கம் மாதிரி நீட்டிப்புத் துண்டு வாங்க வேண்டும். ஒயர், குழாய் போகும் இடமா என்று பார்த்துவிட்டு, தூண், மூலை பக்கம் போகாமல் வெட்டச் சொல்லுங்கள். சுரங்கத்தின் தரை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். பழைய கருங்கல் சுவரில் ஆசைப்படாதீர்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஜன்னல்தான் வழி. நம் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நாட்டுப் பூனை தாராளமாகப் போய்விடும். அதில் ஒரு கதவை மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட் வெட்டி, அதில் பூனைக் கதவை மாட்டுங்கள். ஓட்டை இரண்டு கம்பிகளுக்கு நடுவே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், மடல் கம்பியில் இடித்தால் திறக்காது. ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஏறி நிற்க ஒரு பலகை வேண்டும். வீடு காலி செய்யும்போது பழைய கதவை மாட்டிவிட்டுப் போகலாம். கொசுவலைக் கதவுக்கென்றே எடையில்லாத பூனைக் கதவுகள் வருகின்றன. கொசுவுக்கு அவை சரி, எலிக்கோ பாம்புக்கோ தடையே இல்லை.

பழக்குவது

மாட்டிய அன்றே பூனையைப் பிடித்து ஓட்டையில் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு தடவை பயந்தால் ஒரு மாதம் பின்னால் போய்விடும்.

முதல் மூன்று நான்கு நாள் மடலை முழுக்கத் தூக்கி டேப்பால் ஒட்டி விடுங்கள், பகலில் ஆள் இருக்கும்போது மட்டும். பூனை ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம் கருவாட்டுத் துண்டோடு உட்காருங்கள். தானாக வரும். அடுத்து மடலைப் பாதி தூக்கி நிறுத்துங்கள். பிறகு கால்வாசி, தலையால் லேசாக முட்ட வேண்டிய அளவுக்கு. கடைசியில் முழுக்க விட்டுவிடுங்கள். காந்தம் 'டக்' என்று ஒட்டும் சத்தத்துக்கு மிரளும் பூனைகள் உண்டு, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் சத்தம் குறையும். சிப் கதவாக இருந்தால் பூட்டு விலகும் சத்தத்துக்கும் இதே மாதிரி நேரம் கொடுங்கள். செவலைக்கு ஐந்து நாள் ஆனது, மணிக்கு மூன்று வாரம். குடிபோன புது வீடு என்றால் இரண்டு மூன்று வாரம் பூனையை உள்ளேயே வைத்துப் பழக்கிய பிறகுதான் பூனைக் கதவைத் திறக்க வேண்டும்.

சோற்றுத் தட்டைப் பூனைக் கதவின் அருகில் வைக்காதீர்கள். வாசம் வெளியே போய் ஊர்ப் பூனையையும் பெருச்சாளியையும் கூட்டிவரும்.

குட்டிகளுக்கு அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். பூனை கடித்தாலும் வெறிநோய் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், வெளியே போய்வரும் பூனைக்கு இது கட்டாயம். பெட்டைகள் ஐந்தாறு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். கருத்தடை அறுவை முடியாத பூனைக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டால் அடுத்த சில மாதங்களில் குட்டிகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு நிற்க வேண்டி வரும். கடுவனுக்கும் செய்துவிடுங்கள், ஊர் சுற்றுவதும் சண்டையும் மூத்திரம் பீய்ச்சுவதும் நன்றாகக் குறையும்.

அதன் பிறகு பராமரிப்பு கொஞ்சம்தான். வாரம் ஒரு தடவை மடலின் அடிவிளிம்பையும் காந்தத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள், பூனை முடியும் மண்ணும் சேர்ந்தால் மடல் முழுக்க மூடாமல் நிற்கும். சித்திரை வைகாசியில் காற்றோடு வரும் மழைக்குப் பிறகு ஸ்க்ரூக்களையும் சிலிக்கானையும் ஒரு தடவை பாருங்கள். சிப் வகைக்குப் பேட்டரி தீரப்போகிறது என்று விளக்கு எரியும், அன்றே மாற்றிவிடுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் பூட்டைத் திருப்ப வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது மாமியார் பொறுப்பு. அவர் விளக்கு ஏற்றப் போவதற்கு முன் இரண்டு பூனையையும் எண்ணிவிட்டுத்தான் போகிறார்.